அசதி மிஞ்சிப்போன குழந்தை தூங்க மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. கண் சிவந்து இமை சொருகுகிறது. ஆனால் மடியில் போட்டால் விறைக்கிறது, தோளில் போட்டால் துள்ளுகிறது, பாலுக்கு வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையை உதறி அழுகிறது. இவ்வளவு தூக்கத்தை வைத்துக்கொண்டு ஏன் இந்த அடம் என்று என் மூத்தவளை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தினமும் கேட்டிருக்கிறேன்.

அது அடம் இல்லை. தூங்க வேண்டிய வேளையைத் தாண்டி விழித்திருக்கும் உடம்பு, கார்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகளைக் கூட்டித் தன்னை விழிப்பிலேயே நிறுத்திக்கொள்கிறது. நாள் முழுக்கப் பயணம் செய்து அலுத்துப்போய்ப் படுத்தாலும் நமக்குச் சில இரவுகளில் கண் மூடாதே, அதே நிலைதான். நாம் புரண்டு புரண்டு படுத்து எப்படியோ தணிந்துவிடுவோம். கைக்குழந்தைக்குத் தன்னைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. அதற்கு இன்னொரு உடம்பு வேண்டும்.

ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பதற்றத்தை இறக்குவது, அதன் பிறகு தூக்கம். பதற்றம் இறங்காத குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுபடப் பாடுபட அழுகைதான் ஏறும்.

எதற்கும் முன்னால்: இது அசதிதானா?

சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை ஒரு தடவை பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். அரைஞாண் கயிறு இறுக்குகிறதா? வளையல், கொலுசு எங்காவது அழுத்துகிறதா? எறும்பு கடித்திருக்கிறதா? அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் வேர்க்குரு பழுத்திருக்கிறதா? கை கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். பிரசவம் ஆகி மூன்று நான்கு மாதத்தில் தாய்க்கு முடி கொட்டும். அந்த முடி ஒன்று குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டு, விரல் வீங்கிச் சிவக்கும் அளவுக்கு இறுக்கிவிடுவது உண்டு. சாக்ஸ் போட்டிருந்தால் வெளியே தெரியவே தெரியாது. அப்படி இருந்து, முடியை எளிதாக எடுக்க முடியவில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆண் குழந்தையென்றால் அடிவயிற்றுக்குக் கீழே, விதைப்பையில் புதிதாக வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காட்டினாலே நேரம் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சு விடும்போது விலா எலும்புக்கடியில் குழி விழுவது, பால் அடியோடு வேண்டாம் என்பது, சிறுநீர் மிகவும் குறைவது, துணி போலத் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, இவற்றில் எது இருந்தாலும் அப்படித்தான். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுகிறது, சில நிமிடத்தில் ஓய்ந்து வெளிறிச் சோர்ந்துபோகிறது, மறுபடி அதேபோல வீறிடுகிறது என்றால் அது தூக்க அழுகை இல்லை. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம். அன்றிரவே காட்ட வேண்டிய விஷயம் அது.

இதெல்லாம் இல்லை, கடைசியாக எழுந்து வெகு நேரம் ஆகிவிட்டது, கண்ணைக் கசக்குகிறது என்றால் சரி, அசதிதான். மேலே போகலாம்.

அறிகுறி: தூக்கினால் முதுகை வில்லாக வளைக்கிறது, வீறிடுகிறது, எதற்கும் அடங்கவில்லை

எல்லா அறிகுறிகளிலும் கடினமானது இதுதான். இதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது.

நம் வீடுகளில் குழந்தை இப்படி அழ ஆரம்பித்தால் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுவார். ஒருவர் லைட்டைப் போட்டு ஃபேனைக் காட்டுவார். தாத்தா செல்போனில் பாட்டு வைப்பார். “இங்க குடும்மா, நான் பாத்துக்குறேன்” என்று கை மாறும். ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் தோளுக்குப் போய்த் திரும்பிவிடும். எல்லாமே அன்பினால் செய்வதுதான். ஆனால் ஏற்கெனவே தாங்க முடியாமல் தவிக்கும் மூளைக்கு ஒவ்வொன்றும் புதிதாக ஒரு சுமை. ஒவ்வொரு தோளுக்கும் ஒரு வாசனை, ஒரு சூடு, ஒரு ஆட்டம். எதற்கும் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

எனவே முதல் வேலை கழிப்பது. டிவியை நிறுத்துங்கள். குழந்தையோடு ஓர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள், விளக்கை அணையுங்கள். ஒரே ஆள் போதும். உங்களால் முடியாத அளவுக்கு நீங்களே பதறியிருந்தால் வேறொருவரிடம் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தால் அவரிடமே விட வேண்டும், இரண்டு நிமிடத்தில் திரும்ப வாங்கக் கூடாது.

பிடிக்கும் விதம் அடுத்தது. வளைந்து விறைக்கும் குழந்தையை மல்லாக்க ஏந்திக்கொண்டால் இன்னும் வளையும். நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையால் பின்புறத்தைத் தாங்கி, மறு கையைத் தலைக்கும் பிடரிக்கும் கொடுங்கள். அதற்கும் துள்ளினால் அதன் முதுகு உங்கள் மார்பில் சாயும்படி திருப்பி, தொடைகளை லேசாக மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பு மடங்கினால் முதுகு வளைவது குறையும். முகத்துக்கு நேரே பார்த்துக் கொஞ்ச வேண்டாம். இந்த நேரத்தில் உங்கள் கண்ணும் சிரிப்பும்கூட அதற்கு வேலை கொடுப்பவைதான்.

இப்போது நடங்கள். ஒரே சீராக, திடீரென்று திரும்பாமல், நிற்காமல். கூடவே முதுகில் தட்டுங்கள். அழுகை எந்த வேகத்தில் இருக்கிறதோ அந்த வேகத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள். தாலாட்டின் வேலையும் இதுதான். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்றார்கள். ஆராரோ என்று இழுக்கும்போது பாடுகிறவரின் மூச்சு தானாக நீள்கிறது, நெஞ்சின் அதிர்வு அதில் சாய்ந்திருக்கும் குழந்தைக்குப் போகிறது. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பாட்டு வராதவர்கள் ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த குரலில் முனகினாலும் போதும். செல்போனில் ஓடும் பாட்டு இந்த வேலையைச் செய்யாது, அதற்கு நெஞ்சுக்கூடு கிடையாது.

மிகவும் முக்கியம்: தொடங்கிய முறையைப் பத்து நிமிடம் மாற்றாதீர்கள். பெரும்பாலும் நாம் தோற்பது இங்கேதான். மூன்று நிமிடம் நடக்கிறோம், நிற்கவில்லை என்றதும் உட்கார்ந்து ஆட்டுகிறோம், அதுவும் பலிக்கவில்லை என்று தூளியில் போடுகிறோம். முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் அழுகை கூடுவதும் உண்டு. அப்புறம் இடையில் ஒரு விக்கல், ஒரு நீண்ட மூச்சு வரும். அதுதான் இறங்கத் தொடங்கியதற்கு அடையாளம். அந்த மூச்சு வந்ததும் ‘அப்பாடா’ என்று நிறுத்திவிட வேண்டாம், அதே நடை தொடரட்டும்.

பத்து நிமிடம் ஆகியும் மாற்றமே இல்லையென்றால் ஒரே ஒரு தடவை இடத்தை மாற்றிப் பாருங்கள். மொட்டை மாடி, பின்கட்டு, வாசல் திண்ணை, ஏதோ ஓர் இருட்டான திறந்த இடம். முகத்தில் காற்றுப் பட்டதும் அழுகை டக்கென்று நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நின்றதும் அங்கேயே நடையைத் தொடருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இப்படி விடாமல் அழும் குழந்தையைப் பார்த்து ‘உரம் விழுந்திருக்கிறது’ என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு அது மிகவும் ஆபத்து. பெரியவர்கள் மனம் புண்படாமல், ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருஷ்டி சுற்றிப் போடுவதாக இருந்தால் போடட்டும், அதனால் கெடுதல் இல்லை. சாம்பிராணிப் புகையை மட்டும் குழந்தை இருக்கும் அறைக்குள் கொண்டுவர வேண்டாம், அந்தச் சின்ன மூச்சுக்குழல் தாங்காது. இரண்டாவது, தூக்கத்துக்கென்று எதையும் புகட்டாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. வசம்பு உரைத்துக் கொடுப்பது, ஓமத் தண்ணீர் எல்லாம் அதற்குள் வேண்டாம். ஒரு வயது வரை தேன் நாக்கில்கூடப் படக் கூடாது, அதிலிருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும். சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவே வேண்டாம்.

அறிகுறி: கையில் தூங்கிவிடுகிறது, கீழே போட்டதும் விழித்து அழுகிறது

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கென்றே செய்தது போல இருக்கும். 21 கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தபோது அழுகை நின்று, ஏறக்குறைய பாதிப் பேர் தூங்கியே போனார்கள். சும்மா தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அந்தப் பலன் இல்லை. தூங்கிய உடனே படுக்க வைத்தவர்களில் பலர் விழித்துக்கொண்டார்கள். ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு படுக்க வைத்தபோது தூக்கம் நிலைத்தது. இதில் எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று: குழந்தையை உலுக்கியது படுக்கை தொட்ட நொடி இல்லை. அதற்கும் முன்னால், தாயின் உடம்பிலிருந்து அதன் உடம்பு பிரியத் தொடங்கிய நொடியிலேயே நெஞ்சுத் துடிப்பு மாறிவிட்டது.

முதல் சில மாதங்களில் குழந்தை தூக்கத்துக்குள் போகும்போது நேராக ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. முதலில் மேலோட்டமான தூக்கம். இமைக்குள் கண்மணி ஓடும், உதடு சிரிக்கும், கை துடிக்கும். அந்த நேரத்தில் இறக்கினால் விழிக்கத்தான் செய்யும். கையைத் தூக்கிப் பார்த்தால் துவண்டு தொப்பென்று விழ வேண்டும், மூச்சு சீராக இருக்க வேண்டும். அதுவரை மடிதான்.

இறக்கும்போது பின்புறம் முதலில், பிறகு முதுகு, கடைசியாகத் தலை. உங்கள் மார்பு அதை ஒட்டியபடியே நீங்களும் குனிந்து போங்கள். படுக்க வைத்தபின் கையை உடனே உருவாதீர்கள். ஒரு கை நெஞ்சின் மேலும் ஒரு கை தலைக்கடியிலுமாக ஒரு நிமிடம் இருக்கட்டும். மார்கழியில் விரிப்பு சில்லென்று இருந்தால் சற்று முன்பே உங்கள் கையால் தேய்த்துச் சூடேற்றி வையுங்கள்.

படுக்க வைப்பது மல்லாக்க. எப்போதும். குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்கும் என்று சொல்வார்கள், ஆழ்ந்து தூங்கும் என்பது உண்மையும்கூட. ஆபத்தே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. மூச்சு முட்டினாலும் விழித்துக்கொள்ளாது. அமெரிக்காவில் 1990-களில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பரப்பத் தொடங்கியபின், தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. படுக்கை தட்டையாக, அழுத்தமாக இருக்க வேண்டும். தரையில் பாய் விரித்து மேலே ஒரு மடிப்புத் துணி போட்டாலே நல்ல படுக்கைதான். பஞ்சு மெத்தை, கடுகுத் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். துணியில் சுற்றிப் படுக்க வைக்கும் பழக்கம் இருந்தால் இடுப்பும் காலும் தாராளமாக அசையட்டும். புரளப் பார்க்கும் முதல் நாளோடு சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: தூளியில்தான் தூங்குகிறது, வேறெங்கும் தூங்க மாட்டேன் என்கிறது

தூளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வயிற்றுக்குள் இருந்தது போன்ற அணைப்பும் ஆட்டமும் அதில் கிடைக்கிறது, அதில் தணியாத குழந்தை அபூர்வம். ஆனால் துணி வளைந்து தொங்குவதால் குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டும்படி தலை கவிழலாம். சிறு குழந்தைக்கு அந்த ஒரு மடிப்பே மூச்சுக்குழலை நெருக்கப் போதும். ஆகவே தூளி தணிப்பதற்கு, தட்டையான படுக்கை தூங்குவதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தூளியில் இருக்கும் வரை ஒருவர் கண் அதன் மேல் இருக்க வேண்டும். இரவு முழுக்கப் போட்டுவிட்டு நீங்களும் தூங்குவது கூடாது. வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், குழந்தை இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். ஏறி விளையாடிக் கழுத்தில் சுற்றிக்கொண்ட விபத்துகள் நடந்திருக்கின்றன.

பழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் அசதி மிஞ்சிய வேளையில் முயலாதீர்கள். காலையில் வரும் முதல் தூக்கம்தான் பெரும்பாலும் எளிதாக வரும். அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் படுக்கையில் பழக்குங்கள். மற்ற வேளைகள் பழையபடியே இருக்கட்டும்.

அறிகுறி: தூங்கும் நேரத்தில் கூத்தாடுகிறது, சிரிக்கிறது, எழுந்து நிற்கிறது

இது ஆறு ஏழு மாதத்துக்கு மேல் அதிகம். எட்டு மணி வரை சிணுங்கிய குழந்தை எட்டரைக்குப் புதிதாக எழுந்ததுபோல ஆடும். ‘இன்னும் தூக்கம் வரவில்லை போல’ என்று நாமும் விளையாட ஆரம்பித்துவிடுவோம். பத்து மணிக்கு அலறல் தொடங்கும்.

அந்த உற்சாகம் மேலே சொன்ன சுரப்புகளின் வேலை. அப்பா வேலை முடிந்து வீடு வரும் நேரமும் இதுவாகவே இருப்பது பல வீடுகளில் உள்ள சிக்கல். நாள் முழுக்கப் பார்க்காத பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க அவருக்கு ஆசையாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, தூங்க வைக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். இருட்டறையில் தோளில் போட்டு நடப்பது அவர்கள் இருவருக்குமான நேரமாகட்டும். எங்கள் வீட்டில் இளையவன் இன்றைக்கும் அப்பா தோளில்தான் சீக்கிரம் தூங்குவான்.

கூத்தாடும்போது பிடித்து அமுக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, நீங்கள் அசையாமல் படுத்துக்கொள்ளுங்கள். ஏறி மிதிக்கட்டும், முடியைப் பிடித்து இழுக்கட்டும், பதில் விளையாட்டு வேண்டாம். கால் மணி நேரத்தில் சுருதி இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முகம், கை, கால் துடைத்துவிடுவதும் உதவும். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை இந்த வேளைக்கு வைக்காதீர்கள். குளித்தபின் உடம்பின் சூடு மெல்ல இறங்கும்போது நல்ல தூக்கம் வரும் என்பது சரிதான். ஆனால் அசதி மிஞ்சுவதற்கு முன்னால் குளித்தால்தான் அது பலிக்கும். கை காலை நீவி, மூக்கைப் பிடித்து, தலைக்கு ஊற்றுவதெல்லாம் அலுத்த குழந்தைக்குச் சண்டை போலத்தான் இருக்கும். செல்போனைக் காட்டி உட்கார வைப்பதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது.

அறிகுறி: பாலுக்கு வாய் வைத்ததும் உதறி அழுகிறது

பசியும் அசதியும் சேர்ந்துவிட்டன. பதறும் குழந்தையால் சீராக உறிஞ்ச முடியாது, காற்றை விழுங்கும், வயிறு உப்பும், இன்னும் அழும். முதலில் இரண்டு மூன்று நிமிடம் தோளில் போட்டு நடந்து, அழுகை சிணுங்கலான பிறகு இருட்டில் பால் கொடுங்கள். இடையில் நிமிர்த்தி ஏப்பம் விடச் செய்யுங்கள். படுக்க வைத்தால் மட்டும் அழுகிறது, காதைத் தொட்டால் கத்துகிறது, கூடவே சளி இருக்கிறது என்றால் காது வலியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: தினமும் அந்தி சாய்ந்தால் அழுகை

பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். நல்ல ஆரோக்கியமான குழந்தையும் இப்படி அழும். நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் தூக்கத்தைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு தூக்கம் கிடைத்தால் ஏழு மணி அழுகை பாதியாகக் குறைவதை என் இரண்டு பிள்ளைகளிடமும் பார்த்தேன். அந்த வேளையில் அடிக்கடி பால் கேட்டாலும் கொடுங்கள். பால் பத்தவில்லை என்று பதற வேண்டாம், எடை கூடிக்கொண்டிருந்தால் போதும்.

அறிகுறி: பகலில் அரை மணியில் விழிக்கிறது, இரவில் முக்கால் மணியில் வீறிடுகிறது, விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுகிறது

மூன்றையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் மூன்றின் வேரும் ஒன்றாக இருப்பதுதான். கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம். ஒரு சுற்று முடிந்து அடுத்ததுக்குள் போகும் இடத்தில் எல்லாக் குழந்தையும் லேசாக விழிக்கும். பதற்றத்தோடு தூங்கிய குழந்தைக்கு அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை.

உடனடியாகச் செய்ய வேண்டியது: விழிக்கும் நேரம் தெரிந்துவிட்டதால் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொள்ளுங்கள். அசைந்தால் தட்டுங்கள். முனகினாலே தூக்கிவிடாதீர்கள், பாதி நேரம் தூக்கத்தில்தான் முனகும். ஃபேன் ஓடும் சத்தம் போல ஒரே சீரான சத்தம் தெரு ஒலியை மறைக்க உதவும். அதற்கென்று கருவி வைத்திருந்தால் இரண்டு மீட்டராவது தள்ளி, குறைந்த ஒலியில் வையுங்கள்.

நிரந்தரமாகச் சரியாக, இரவில் சீக்கிரம் தூங்க வையுங்கள். நாலரைக்கு எழும் குழந்தையை இன்னும் தாமதமாகத் தூங்க வைத்தால் தாமதமாக எழும் என்று தோன்றும். நானும் அப்படி பத்தரை வரை விழிக்க வைத்துப் பார்த்தேன். நான்கு மணிக்கு எழுந்தாள். எட்டு மணிக்குக் கொண்டுவந்த நான்காவது நாள் ஐந்தே முக்கால் வரை தூங்கினாள்.

மறுபடி வராமல் இருக்க: கடிகாரத்தை எங்கிருந்து எண்ணுவது

பிரச்சினை தெரிவது ராத்திரி எட்டு மணிக்கு. ஆனால் அது தொடங்கியது பெரும்பாலும் மதியம். குழந்தை எழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எண்ணுங்கள். முதல் மாதத்தில் பால் குடிக்கும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணிக்குள் மறுபடி தூங்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி. நான்கு ஐந்தில் ஒன்றரை முதல் இரண்டேகால். ஆறு முதல் எட்டு மாதம் வரை இரண்டு முதல் மூன்று. ஒரு வயதை நெருங்கும்போது மூன்று முதல் நான்கு. இவை அனுபவத்தில் வந்த தோராயக் கணக்குதான், உங்கள் பிள்ளை அரை மணி முன்னே பின்னே இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிரசவத் தேதி என்று சொல்லியிருந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமாக முதல் மூன்று மாதம் 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் தூக்கம் வேண்டும்.

கடிகாரத்தோடு முகத்தையும் பாருங்கள். கண்ணைக் கசக்கும் வரை காத்திருந்தால் பல குழந்தைகளுக்குத் தாமதம். அதற்கு முன்பே சில அடையாளங்கள் வரும். விளையாட்டிலிருந்து முகத்தைத் திருப்பும், சுவரையோ ஃபேனையோ வெறித்துப் பார்க்கும், புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவக்கும், கையசைவு மந்தமாகும். அப்போதே அறைக்குப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்திருந்தாலும் சரி.

கல்யாணம், காதுகுத்து என்று போகும் நாட்களில் கணக்கெல்லாம் கலையும், அதைத் தடுக்க முடியாது. மண்டபத்தில் மேளம் தொடங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை அறையோ வண்டியோ ஏதாவது ஓர் அமைதியான இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் படுக்க வைத்தால் ஜன்னலைத் திறந்து வைத்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வெயிலில் பூட்டிய வண்டி சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும். மறுநாள் யாரையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள், இரவில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே தூங்க வையுங்கள். இரண்டு நாளில் சரியாகும்.

அறிகுறி: குழந்தை அழுகிறது, உங்கள் கை நடுங்குகிறது

இதையும் இந்த வரிசையில் சேர்த்தே ஆக வேண்டும். நடுநிசியில் இரண்டு மணி நேர அழுகைக்குப் பின், பற்களைக் கடித்துக்கொண்டு தட்டுகிறீர்கள், தட்டு பலமாகிறது, ‘நிறுத்து’ என்று கத்தத் தோன்றுகிறது என்றால் அந்த நொடியில் குழந்தையை மல்லாக்கப் படுக்கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு தடவை உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், கண் போகலாம், உயிரே போகலாம். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். தூக்கம் கெடுமே என்று தயங்காதீர்கள்.

குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளை மேல் ஒட்டுதலே இல்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. மருந்தும் பேச்சும் கேட்கும் நோய் அது. பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்திவிடுவோம் என்ற நினைப்பு வந்தால் விடியும் வரை பொறுக்காமல், அப்போதே பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.